நாணமும் அறிவும்: மாதவிடாய்க் கல்வி குறித்த ஓர் அறவியல் நோக்கு (பெங்களூருச் சூழலை முன்வைத்து)

முன்னுரை

அறிவு பெறுதல் மனிதர் அனைவர்க்கும் உரியது என்னும் கருத்தை வெளிப்படையாக மறுப்போர் இன்று அரியர். எனினும் சில பொருள்களைப் பற்றிய அறிவு உரியவர்க்கு உரிய காலத்தில் சொல்லப்படாமல் நிறுத்தி வைக்கப்படுகிறது. அவ்வாறு நிறுத்தி வைத்தலே பண்பாடு என்றும் நாணம் என்றும் போற்றப்படுகிறது. பூப்பு, மாதவிடாய், கருவுறுதல் ஆகியன பற்றிப் பெண்குழந்தைகளுக்குச் சொல்லப்படாத அறிவு இவ்வகையினது. இந்திய வளரிளம் பெண்களிடம் நிகழ்த்தப்பெற்ற 138 ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு 'பிஎம்ஜே ஓப்பன்' என்னும் மருத்துவ ஆய்விதழ் வெளியிட்ட கட்டுரை, முதற் பூப்புக்கு முன்பே அதுபற்றி அறிந்திருந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேரே (48 விழுக்காடு) என மதிப்பிட்டது. அதாவது, இருவருள் ஒருவர் தம் உடலில் நிகழும் முதன்மையான மாற்றத்தை முன்னறிவின்றி எதிர்கொள்கிறார். அதனைக் காயமென்றோ நோயென்றோ தாம் செய்த தவற்றின் விளைவென்றோ அஞ்சும் நிலை அவருக்கு நேர்கிறது.

இந்நிலையைப் பெரும்பாலும் உடல்நலச் சிக்கலாகவே திட்டங்களும் அறிக்கைகளும் காண்கின்றன. அதன் அடியில் ஓர் அறவியல் வினா உள்ளது. நாணத்தின் பெயரால் அறிவை மறைத்தல் அறமாகுமா என்பதே அவ்வினா. தமிழ் மரபு நாணத்திற்குத் தரும் பொருளைக் கொண்டும், பன்மொழி நகரமாகிய பெங்களூருவின் எளிய மக்கள் குடியிருப்புகளில் வளரும் சிறுமியரின் நிலையைக் கொண்டும் அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொற்களும் நோக்குநிலையும்

ஒரு சமூகம் ஒரு பொருளை எவ்வாறு கருதுகிறது என்பதை அப்பொருளுக்கு அது வழங்கும் சொற்கள் காட்டிவிடும். தமிழில் இப்பொருள் குறித்த சொற்கள் இரு தொகுதிகளாக அமைகின்றன. பூப்பெய்துதல், சமைதல், ஆளாதல், பெரியவளாதல், வயதுக்கு வருதல் என்பன ஒரு தொகுதி. இவை முதற் பூப்பைக் குறிப்பன. மலர்ச்சி, முதிர்ச்சி, நிறைவு என்னும் பொருள்களைத் தாங்கியவை. தீட்டு, தூரம், விலக்கு, வீட்டுக்கு வெளியே என்பன மற்றொரு தொகுதி. இவை திங்கள்தோறும் நிகழ்வதைக் குறிப்பன. மாசு, அகற்சி, நீக்கம் என்னும் பொருள்களைத் தாங்கியவை. ஒரே உடலியல் நிகழ்வு முதன்முறை நிகழும்போது மங்கலமாகவும், மறுமுறை முதல் அமங்கலமாகவும் பெயர் பெறுவது ஈண்டு நோக்கத்தக்கது.

மாதவிலக்கு, மாதவிடாய் என்னும் இரு சொற்களையும் ஒப்பிட்டால் மற்றொரு வேறுபாடு புலப்படும். 'விலக்கு' என்பது விலக்குவோரின் நோக்கிலிருந்து எழுந்த சொல். 'விடாய்' என்பதற்குத் தாகம், களைப்பு என்னும் பொருள்கள் உண்மையின், அச்சொல் துய்க்கும் பெண்ணின் நோக்கிற்கு நெருங்கியது எனக் கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'மாதவிடாய்' என்பதே வழங்குதல் வரவேற்கத்தக்கது. ஆயினும் பாடநூற்சொல் வேறு, அடுக்களைச்சொல் வேறு என்னும் நிலை இன்னும் மாறவில்லை.

கன்னடத்தில் மாதவிடாயைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல் 'முட்டு' என்பது. அதே வடிவம் அம்மொழியில் தொடுதலையும் குறிக்கும். தமிழிலும் 'முட்டு' என்னும் சொல் இப்பொருளில் வழங்கியதுண்டு. மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்தில் மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் சென்று தங்கும் இடம் 'முட்டுத்துறை' எனப்படுவது இதற்குச் சான்று. எல்லை கடந்தும் ஒரு சொல் தொடர்வது போலவே அதனைச் சூழ்ந்த வழக்கமும் தொடர்கிறது. தமிழ்ச் சிறுமி ஒருத்தி சென்னையிலிருந்து பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்தால் மொழி மாறுமேயன்றி, தொடக்கூடாது என்னும் விதி மாறுவதில்லை.

2. இலக்கிய மரபில் இருவேறு குரல்கள்

விலக்கும் வழக்கம் பிற்காலத்தே வந்து புகுந்தது எனக் கூறித் தொன்மையைக் காப்பது எளிது. ஆனால் சான்றுகள் அவ்வாறு கூற இடந்தரவில்லை. பொன்முடியார் பாடிய புறநானூற்று 299ஆம் பாடல், நெய்யுணவு உண்டு வளர்ந்த பெருவேந்தர் குதிரைகள் போர்க்களத்தில் ஒடுங்கி நின்றதற்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நின்ற மகளிரை உவமையாக்குகிறது. விலக்கு அக்காலத்திலேயே அனைவரும் அறிந்த வழக்காக இருந்தமையால்தான் அது உவமையாக முடிந்தது. அதே வேளையில் தொல்காப்பியக் கற்பியல், பூப்புத் தோன்றியபின் பன்னிரு நாள் தலைவன் தலைவியை நீங்கி உறைதல் இல்லை என விதிக்கிறது. கருவுறுதற்கு உரிய காலம் பற்றிய கவனம் அவ்விதியின் உள்ளே இருப்பதை உரைமரபு ஏற்கிறது. அங்கே 'பூப்பு' என்பது திங்கள்தோறும் நிகழ்வதையே குறிக்கிறது. மங்கலச்சொல் முதல் நிகழ்வுக்கு மட்டும் ஒதுக்கப்படவில்லை.

தீட்டு என்னும் கருத்தையே எதிர்த்து வினவிய குரலும் மரபினுள் உண்டு. சித்தர் சிவவாக்கியர், எக்குருதியைத் தீட்டென விலக்குகிறார்களோ அக்குருதியின் தேக்கத்திலிருந்தே விலக்குவோரின் உடலும் உருவானது என வாதிடுகிறார். தீட்டு எனின் பிறந்தோர் அனைவரும் தீட்டே. இல்லை எனின் எவர்க்கும் இல்லை. தருக்க நெறியில் இதற்கு விடை கூறுதல் அரிது. கன்னட நிலத்தில் எழுந்த வீரசைவ மரபும் பிறப்பு, இறப்பு, மாதவிடாய், எச்சில், சாதி ஆகிய ஐவகைச் சூதகங்களையும் கொள்கையளவில் மறுத்தது. மாதவிடாய்த் தீட்டும் சாதித் தீட்டும் ஒரே பட்டியலில் வைத்து மறுக்கப்பட்டமை கருதத்தக்கது. இரண்டும் பிறப்பாலும் உடலாலும் அமைந்த ஒன்றைக் குற்றமாக்குவன என்னும் தெளிவு அதில் உள்ளது.

3. நாணத்தின் பொருள்

மறைத்தலுக்கு நாணமே காரணமாகச் சொல்லப்படுதலின், நாணம் யாது என்பதைத் தெளிதல் வேண்டும். திருக்குறளின் நாணுடைமை அதிகாரம் இதற்கு வழிகாட்டும். அவ்வதிகாரத்தின் முதற் குறளிலேயே வள்ளுவர் இருவகை நாணத்தைப் பிரித்துவிடுகிறார். தகாத செயல் காரணமாக எழுவதே அறநூல் கூறும் நாண். மகளிரின் இயல்பான கூச்சம் அதனின் வேறு என்பது அவர் கருத்து. எனவே அறவியல் நாணத்திற்குச் செயல் ஒன்று இருத்தல் இன்றியமையாதது. செயலில்லாத இடத்தில் பொறுப்பில்லை. பொறுப்பில்லாத இடத்தில் நாணத்திற்கு இடமில்லை.

மாதவிடாய் எவருடைய செயலும் அன்று. கருப்பையின் உட்சவ்வு கருவை எதிர்நோக்கித் தடித்து, கருவுறுதல் நிகழாதபோது குருதியுடன் கழிவது. அதனை இயக்குவன சுரப்பிகள். மூச்சு விடுதலுக்கு நாணுவோர் இல்லாதது போல இதற்கு நாணுதற்கும் காரணம் இல்லை. செயலுக்குரிய நாணத்தைச் செயலல்லாத ஒன்றின்மேல் ஏற்றுதல் கருத்தியல் பிழை. அப்பிழையைப் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் உள்ளத்தில் விதைத்தல் அறப்பிழை. தான் செய்யாத ஒன்றுக்குத் தான் குற்றவாளி என அவள் உணரக் கற்பிக்கப்படுகிறாள்.

மகளிர்க்குரிய இயல்பாகக் கூறப்படும் கூச்சத்தைக் கொண்டு மறைத்தலை நியாயப்படுத்துவதும் பொருந்தாது. அச்சம், நாணம், மடம் எனத் தொகுத்துச் சொல்லப்படும் பண்புகளுள் 'மடம்' என்பதற்குக் கூட, கற்பித்ததை ஏற்று அதனைக் கைவிடாதிருத்தல் என்பதே உரையாசிரியர் கொண்ட பொருள். அப்பண்புகளைப் பெண்ணுக்கு மட்டும் உரியனவாக்கியது ஏற்கத்தக்கதா என்பது தனி வினா. அவற்றை ஏற்போர்க்கும் கற்பித்தல் என்னும் கடமை முன்நிற்கிறது என்பதே ஈண்டுப் பெறப்படும் கருத்து.

மறைவு, மறைத்தல் என்னும் இரண்டையும் வேறுபடுத்தல் வேண்டும். தன் உடல் பற்றிய செய்தியை யாரிடம் சொல்வது என்று ஒரு பெண் தானே முடிவு செய்தல் மறைவு. அது அவள் உரிமை. அவள் உடல் பற்றிய அறிவை அவளிடமிருந்தே பிறர் ஒளித்தல் மறைத்தல். அஃது உரிமைப் பறிப்பு. நடைமுறையில் இவை தலைகீழாக அமைகின்றன. மஞ்சள் நீராட்டு விழாவில் ஒலிபெருக்கியும் பந்தலும் வரவேற்புப் பதாகையும் ஒரு சிறுமியின் உடல்நிலையை ஊருக்கு அறிவிக்கின்றன. மொய்யும் சீரும் வந்து சேர்கின்றன. அவளுக்கோ நிகழ்ந்தது யாது என்பது விளக்கப்படுவதில்லை. ஊருக்குத் தெரிந்தது உரியவளுக்குத் தெரியாமற் போகிறது. மறைவும் இல்லை, அறிவும் இல்லை என்னும் இந்நிலையை நாணத்தின் பெயரால் காத்தல் முரணாகும்.

4. சொல்லின்மை என்னும் அநீதி

ஆங்கில மெய்யியலாளர் மிராண்டா ஃபிரிக்கர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட 'எபிஸ்டெமிக் இன்ஜஸ்டிஸ்' என்னும் நூலில், அறிவு சார்ந்த அநீதி இருவகைப்படும் என்றார். ஒருவர் கூற்றை அவர் யார் என்பது கொண்டு நம்ப மறுத்தல் ஒன்று. தம் துய்ப்பைத் தாமே விளங்கிக்கொள்வதற்கு வேண்டிய சொல்லும் கருத்தும் ஒருவர்க்குக் கிட்டாதவாறு சமூகம் அமைந்திருத்தல் மற்றொன்று. மாதவிடாய் குறித்த மௌனத்தில் இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. வலிக்கிறது என்று சொல்லும் சிறுமியிடம் 'எல்லார்க்கும் உள்ளதுதானே' என்பது முதல்வகை. எங்கே, எவ்வாறு, எவ்வளவு என்று சொல்லச் சொல்லே இல்லாதிருத்தல் இரண்டாம் வகை.

இவ்விரண்டாம் வகை அநீதி பெங்களூருவில் கூர்மையாகிறது. 1809இல் ஆங்கிலேயர் படைக் குடியிருப்பு அமைந்த காலந்தொட்டுப் படையினராகவும் வணிகராகவும் கூலித் தொழிலாளராகவும் வந்த தமிழர் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் முதலிய பகுதிகளில் தலைமுறைகளாக வாழ்கின்றனர். கட்டுமானம், ஆயத்த ஆடை, வீட்டுவேலை ஆகிய தொழில்களை நாடிப் பின்வந்தோரும் பலர். இக்குடியிருப்புகளில் வளரும் சிறுமிக்கு வீட்டுமொழி தமிழ்; தெருமொழி தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் விரவியது; வகுப்பு மொழி கன்னடம் அல்லது ஆங்கிலம். வீட்டில் அவள் கேட்பது 'தூரம்'. தோழியிடம் கேட்பது 'முட்டு'. பாடநூலில் படிப்பது வடசொல்லாகிய 'ருதுசக்ர' அல்லது ஆங்கிலச் சொல். பாடநூற்சொல் தேர்வுக்கு உதவுகிறது. ஆனால் அதனைக் கொண்டு தாயிடம் பேச இயலாது. தாயின் சொல்லைக் கொண்டு மருத்துவரிடம் பேச இயலாது. மூன்று மொழிகள் அறிந்தும் தன் உடலைப் பற்றிப் பேச ஒரு மொழியும் இல்லாதவளாகிறாள்.

இச்சொல்லின்மையின் விளைவு சொல்லளவில் நிற்பதில்லை. பூப்பெய்திய முதற் சில ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்கின்றி இருத்தல் இயல்பு. 21 முதல் 45 நாள் வரையிலான இடைவெளியும் ஏழு நாள் வரையிலான போக்கும் அப்பருவத்தில் இயல்பெனவே மருத்துவம் கொள்ளும். மாறாக, 15 வயதாகியும் பூப்பெய்தாமை, 90 நாள்களுக்கு மேல் இடைவெளி, ஏழு நாள்களுக்கு மேல் நீடிக்கும் போக்கு, ஓரிரு மணி நேரத்திற்கு ஒருமுறை துணியோ நாப்கினோ முழுதும் நனைதல் ஆகியன மருத்துவரிடம் சொல்லத்தக்கன. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையிலான பெண்களுள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையோர். மிகுபோக்கு சோகையை மேலும் கடுமையாக்கும். இயல்பு எது, நோய் எது என்று அறியாதவள் இயல்பைக் கண்டு அஞ்சுகிறாள். நோயைக் கண்டு அமைகிறாள்.

5. காலம் தாழ்த்திய பாடம்

பள்ளி இவ்வறிவைத் தரலாகாது என்னும் வாதம் கர்நாடகத்தில் அரசு முடிவாகவே வெளிப்பட்டதுண்டு. நடுவண் மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் இணைந்து 2005இல் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கின. 2007இல் கர்நாடகம், மகாராட்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அதனை ஏற்க மறுத்தன. இந்தியப் பண்பாட்டிற்கு ஒவ்வாதது என்பது சொல்லப்பட்ட காரணம். 2009இல் மாநிலங்களவை மனுக்கள் குழு அளித்த அறிக்கையும் பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டா என்றது. வளரிளம் பருவ உடல் மாற்றம் பற்றிய பாடங்கள் மேனிலை வகுப்பு உயிரியலில் இடம்பெறலாம் என்றது.

இப்பரிந்துரையின் காலக்கணக்கு ஆராயத்தக்கது. பெண்குழந்தைகள் பெரும்பாலும் 12, 13 வயதில் பூப்பெய்துகின்றனர். சிலர் அதனினும் முன்னரே எய்துகின்றனர். மேனிலை வகுப்பை அடையும்போது வயது 16. நிகழ்வு முடிந்து மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அதன் விளக்கம் தரப்படும். அதுவும் மேனிலை வகுப்பை எட்டி, அங்கும் உயிரியலை விருப்பப் பாடமாகக் கொண்ட மாணவியர்க்கே கிட்டும். எட்டாம் வகுப்புடனோ பத்தாம் வகுப்புடனோ பள்ளியை விட்டு ஆயத்த ஆடைத் தொழிலுக்கோ வீட்டுவேலைக்கோ செல்லும் சிறுமிக்கு அது ஒருபோதும் கிட்டாது. உரிய காலத்தில் வாராத அறிவு மறுக்கப்பட்ட அறிவே. யாவர்க்கும் சமமாக விதிக்கப்பட்ட மௌனம் யாவரையும் சமமாகத் தாக்குவதில்லை என்பதும் இதனால் போதரும். வசதியுள்ள வீட்டில் நூல், மருத்துவர், கற்ற தாய் என வேறு வாயில்கள் உள. வறிய வீட்டுச் சிறுமிக்குப் பள்ளி ஒன்றே வாயில்.

அறிவு ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்னும் அச்சத்திற்கும் விடை கூறுதல் வேண்டும். யுனெஸ்கோ 2009இல் வெளியிட்டு 2018இல் திருத்திய வழிகாட்டு நெறிகள், இத்தகைய கல்வி பாலுறவுத் தொடக்கத்தை விரைவுபடுத்துவதில்லை என்பதை ஆய்வுகளின் வழிக் காட்டின. 2024 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றமும் குழந்தைகளைப் பாலியல் சுரண்டலிலிருந்து காத்தல் தொடர்பான தீர்ப்பு ஒன்றில், பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைக் களைய வேண்டும் என்றது. எனினும் பயன் கொண்டு மட்டும் இவ்வினாவைத் தீர்த்தல் போதாது. பயன் எதுவாயினும் ஒருவரின் உடல் பற்றிய மெய்ம்மை முதலில் அவருக்கே உரியது. கெடுவார் என்னும் ஐயத்தால் உரியதை மறுத்தல், நம்பத்தகாதவர் என அவரை முன்கூட்டியே தீர்ப்பிடுதலாகும்.

6. பொருள் வழங்கலும் அறிவு வழங்கலும்

கடந்த இருபது ஆண்டுகளில் பொருள் வழங்கலில் முன்னேற்றம் உண்டு. தமிழ்நாடு அரசு 'புதுயுகம்' என்னும் திட்டத்தின் வழி ஊரக வளரிளம் பெண்களுக்கு நாப்கின்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. கர்நாடக அரசு 2013–14இல் 'சுசி' என்னும் திட்டத்தைத் தொடங்கி 10 முதல் 19 வயது வரையிலான பெண்களுக்கு நாப்கின் வழங்க முற்பட்டது. 2018இல் நாப்கின் மீதான சரக்கு சேவை வரி நீக்கப்பட்டது. கோவை அருணாசலம் முருகானந்தத்தின் எளிய இயந்திரம் குறைந்த விலையில் நாப்கின் செய்யும் வாய்ப்பைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றது. 15 முதல் 24 வயதுப் பெண்களுள் தூய்மையான முறைகளைக் கையாள்வோர் அளவு நான்காம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2015–16) ஏறத்தாழ 58 விழுக்காடாக இருந்து, ஐந்தாம் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 78 விழுக்காடாக உயர்ந்தது.

இவ்வுயர்வு போற்றத்தக்கதே. ஆயினும் பொருள் கிட்டியது கொண்டு அறிவு கிட்டியது எனக் கொள்ளல் ஆகாது. கர்நாடகத் திட்டத்தின் பெயராகிய 'சுசி' என்பது தூய்மை எனப் பொருள்படும் வடசொல். தூய்மையாக்கல் என்று பெயரிடும்போதே தூய்மையின்மை ஒன்று அங்கே உள்ளது என்பது உடன்பாடாகிவிடுகிறது. உதவும் நோக்கில் எழுந்த திட்டமும் தீட்டின் சொல்லாட்சியிலிருந்து முற்றும் விடுபடவில்லை. கறைபடாமல் மறைத்துக்கொள்ளும் கருவியாக மட்டும் நாப்கின் தரப்படின், நாணம் நீங்காது. மறைக்கும் திறமே பெருகும்.

துணி பயன்படுத்துவோர் நிலை இதனைத் தெளிவாக்கும். ஐந்தாம் கணக்கெடுப்பின்படி 15 முதல் 24 வயதினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் துணியையும் பயன்படுத்துவோர். தூய பருத்தித் துணியைச் சவர்க்காரமிட்டு அலசி வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தின் கேடில்லை. ஆனால் ஓரறை வீடுகளில், பிறர் கண்படும் எனப் பிற உடைகளின் அடியிலும் இருண்ட மூலையிலும் அது உலர்த்தப்படுகிறது. ஈரம் முற்றும் நீங்காமலே மீளப் பயன்படுகிறது. இங்கே கேடு விளைப்பது துணியன்று; வெயிலில் உலர்த்த விடாத நாணமே.

ஒதுக்கத்தைச் செப்பனிட்டுத் தருதலும் இவ்வாறே. பெங்களூருவை அடுத்த துமகூரு மாவட்டத்துக் காடுகொல்லர் குடியிருப்பு ஒன்றில், ஊர்ப்புறக் குடிலில் தாயுடன் தங்க வைக்கப்பட்ட பச்சிளங்குழந்தை 2023 ஜூலையில் இறந்தது. மாதவிடாய்க் காலத்தும் பேறுகாலத்தும் ஒதுக்கப்படும் இத்தகைய பெண்களுக்காக 'கிருஷ்ண குடீரம்' என்னும் கட்டடங்களைக் கர்நாடக அரசு கட்டியதுண்டு. மழையிலும் குளிரிலும் கிடப்பதினும் கூரை நன்று. ஆயினும் அக்கூரை ஒதுக்கத்திற்கு அரசே இட்ட கூரையாகவும் அமைகிறது. உடனடித் துயர் நீக்கமும் துயரின் வேர் நீக்கமும் வெவ்வேறு கடமைகள். முன்னதைச் செய்து பின்னதைக் கைவிடலாகாது.

பள்ளிச்சுவருக்குள்ளும் ஒதுக்கம் நுழைகிறது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் மாதவிடாயைக் காரணங்காட்டி வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து தேர்வெழுத வைக்கப்பட்டார். உயிரியல் கற்பிக்கும் இடத்திலேயே தீட்டும் கற்பிக்கப்படுகிறது என்பதை அந்நிகழ்வு காட்டியது. மாணவியர்க்குச் சொல்வதற்கு முன்னரே ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் சொல்லவேண்டியன உள என்பது இதனால் தெளிவாகும்.

7. அறிவின் மறுபக்கம்: பிறர்பாற் கடமை

உடல் பற்றிய அறிவு உரிமையாக மட்டும் நிற்பதில்லை. அது கடமையையும் உடன் கொணர்கிறது. பெங்களூருவின் குப்பைச் சிக்கல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்நகரின் வீட்டுக் குப்பையை ஈரக்கழிவு, உலர்கழிவு, ஒதுக்கத்தக்க கழிவு என மூவகையாகப் பிரித்துத் தருவதைக் கட்டாயமாக்கியது. பயன்படுத்திய நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு அடையாளமிட்டுத் தருமாறு குடிமக்கள் அமைப்புகள் வலியுறுத்தின. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதனைத் தனியே சுற்றித் தர வேண்டும் என்றன. உறை வழங்கும் பொறுப்பை உற்பத்தி நிறுவனங்கள்மீது சுமத்தின.

இவ்வேற்பாட்டின் காரணம் தூய்மைப் பணியாளரின் கைகள். கன்னடத்தில் 'பௌரகார்மிகர்' எனப்படும் இப்பணியாளருள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். பெண்கள் மிகப் பலர். அடுக்குமாடி வீட்டில் ஒருத்தி நாணத்தால் கருநிறப் பையில் முடிந்து பிற குப்பையுடன் எறிவதை மற்றொருத்தி கையால் பிரித்தெடுக்கிறாள். ஒருத்தியின் மறைத்தல் இன்னொருத்தியின் இழிவாக மாறுகிறது. மாதவிடாய்த் தீட்டும் சாதித் தீட்டும் ஒரே குப்பைத்தொட்டியில் சந்திக்கின்றன. வீரசைவர் இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்து மறுத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். மறைத்தற்பொருட்டு எறியும் பழக்கத்தை அறிந்து பிரித்தளிக்கும் பழக்கமாக மாற்றுதல் மாதவிடாய்க் கல்வியின் ஒரு கூறு ஆதல் வேண்டும்.

8. நிறைவான கல்வியின் கூறுகள்

மேற்கூறியவற்றிலிருந்து இக்கல்வியின் இயல்புகள் சில பெறப்படும். முதலாவது, அது முற்பட வருதல் வேண்டும். பத்து வயதளவில், முதற் பூப்புக்கு முன்னரே தொடங்குதல் வேண்டும். இரண்டாவது, சிறுமியின் வீட்டுமொழியில் தொடங்குதல் வேண்டும். பெங்களூருவைப் போன்ற நகரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகியவற்றின் பேச்சுச் சொற்களிலிருந்து புறப்பட்டுப் பாடநூற்சொல்லுக்குச் செல்லும் சிறு கையேடுகள் வேண்டப்படுகின்றன. எச்சொல் இழிவு சுமந்தது, எது சுமவாதது என ஆய்ந்து தருதல் மருத்துவரால் மட்டும் இயல்வதன்று; சொல்லாய்வு அறிந்த தமிழ்த்துறையினர்க்கு இதில் நேரிய பங்குண்டு. மூன்றாவது, ஆண்குழந்தைகளும் கற்றல் வேண்டும். கேலி செய்வோர் அறியாத வரையில் கேலிக்கு ஆளாவோர் அறிந்தும் பயன் குறைவு. நான்காவது, தாயும் உடன் கற்றல் வேண்டும். அவளும் ஒருகாலத்தில் மறைக்கப்பட்ட மகளே. 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை பணிபுரியும் பெண்களுக்குத் திங்களுக்கு ஒருநாள் ஊதியத்துடன் கூடிய மாதவிடாய் விடுப்புக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. அச்சொல் அலுவலக ஏட்டில் இடம்பெற்றபின் இல்லத்தில் ஏற வழியுண்டு.

ஐந்தாவது, சொல்லுடன் சூழலும் அமைதல் வேண்டும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையும் நீரில்லாத குழாயும் உள்ள பள்ளியில் தூய்மை பற்றிய பாடம் ஏளனமாகும். முற்கூறிய 2016ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, மாதவிடாய் நாள்களில் நான்கில் ஒரு மாணவி பள்ளிக்கு வாராதிருந்தமையைக் காட்டிற்று. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பள்ளி மாணவியர் மாதவிடாய் நலம் குறித்து நாடு முழுமைக்கும் ஒருசீரான கொள்கை வகுக்குமாறு நடுவண் அரசைப் பணித்தமையும் இப்பின்னணியில் வைத்துக் காணத்தக்கது.

இக்கல்வியைத் தருவோரின் மனநிலையும் அறத்தின்பாற்பட்டது. குடிசைப் பகுதிச் சிறுமியர் அறியாதவர். வந்தோர் அறிந்தவர் என்னும் எண்ணத்துடன் தரப்படும் அறிவு, ஓர் இழிவை நீக்கி மற்றோர் இழிவைத் தரும். அறிவுரைக்கு முன் வினாவைக் கேட்டல் வேண்டும். சிறுமியர் வினவுவனவே பாடத்தின் வரிசையை அமைத்தல் தகும்.

முடிவுரை

நாணம் செயலுக்கு உரியது, மாதவிடாய் செயலன்று. ஆதலின் அதனை நாணத்திற்குரியதாக்கி அறிவை மறைத்தல், நாணுடைமையைப் போற்றிய மரபுக்கே மாறானது. மறைவு உரியவளின் உரிமை. மறைத்தல் பிறரின் தவறு. பொருள் வழங்கல் இன்றியமையாததே எனினும் சொல் வழங்காதவழி அது நாணத்தை மூடி வைக்கும் துணியாகவே அமையும். பன்மொழிச் சூழலில் வறுமையுடன் வளரும் சிறுமிக்கு இவ்விழப்பு பன்மடங்காகிறது. அவளுக்குப் பள்ளியன்றி வேறு வாயில் இல்லை.

வள்ளுவர் வழி நின்று நோக்கின் இங்கே நாணத்தக்க செயல் ஒன்று உண்டு. அறிந்தோர் அறிந்ததைக் காலத்தில் சொல்லாதிருத்தலே அது. அந்நாணம் சிறுமிக்கு உரியதன்று. கற்றோர்க்கும் கற்பிக்கும் நிறுவனங்களுக்கும் உரியது.